அந்த நாலு டிக்கெட்

முதலில் ஒரு கேள்வி. உங்களுக்கு ஒரு கடன் இருக்கிறது. யாரும் கேட்கப் போவதில்லை. கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. யாருக்கு நஷ்டம் என்றும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. கொடுப்பீர்களா?

'இதென்ன சார் கேள்வி, கட்டாயம் கொடுப்பேன்' என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2019-ம் வருடம் ஜூன் மாதம் பெர்லினுக்குப் போகிற வரைக்கும்.

அக்கா மகன் அங்கே வேலை பார்க்கிறான். "மாமா, ஒரு தடவை அத்தையைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். போனோம். அவன் வீடு ஹெர்மான்பிளாட்ஸ் என்கிற இடத்துக்குப் பக்கத்தில். ஐந்து நிமிடம் நடந்தால் சுரங்க ரயில் நிலையம்.

மறுநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பும்போது சொன்னான்: "மெஷின்ல டிக்கெட் எடுத்துக்குங்க மாமா. இங்கிலீஷ்லயும் வரும். ஏ-பி ஜோன்னு அழுத்தினா போதும். எட்டாம் நம்பர் லைன்ல ஏறினீங்கன்னா நேரா அலெக்சாண்டர்பிளாட்ஸ்."

அப்படியே செய்தோம். ஒரு டிக்கெட் 2.80 யூரோ. இரண்டு பேருக்கு, போக வர, நாலு டிக்கெட். 11.20 யூரோ. பக்கத்தில் நின்ற என் மனைவி அதை ரூபாயாக மாற்றிப் பார்த்து, "எண்ணூத்தி எழுபது ரூபா ஆச்சுங்க" என்றாள். வெளிநாட்டுக்குப் போகிற நம் ஊர்க்காரர்கள் எல்லோர் தலையிலும் ஒரு கால்குலேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அதை அணைக்கிற பட்டன் எங்கே இருக்கிறது என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே காட்டுவது என்று தேடினேன். கேட் இல்லை. தடுப்புக் கம்பி இல்லை. சீருடை போட்ட ஆள் இல்லை. படியில் இறங்கினால் பிளாட்பாரம். ரயில் வந்தது, கதவு திறந்தது, எல்லோரும் ஏறினார்கள். நாங்களும் ஏறினோம். ஊர்க்கோயில் பிராகாரத்துக்குள் போகிற மாதிரி, அவ்வளவு சுலபம்.

அந்த எட்டாம் நம்பர் லைனைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1961-ல் பெர்லின் சுவர் எழுந்தபோது, இந்த லைனின் இரண்டு முனையும் மேற்கு பெர்லினில் இருந்தன. நடுவில் ஒரு துண்டு மட்டும் கிழக்கு பெர்லினுக்கு அடியில் ஓடியது. அந்தத் துண்டில் இருந்த நிலையங்களை மூடிவிட்டார்கள். மேற்கு பெர்லின் ரயில்கள் அங்கே நிற்காமல் மெதுவாகக் கடந்து போகும். மங்கின வெளிச்சத்தில், ஆளில்லாத பிளாட்பாரத்தில், காவல்காரர்கள் மட்டும் நிற்பார்கள். 'பேய் நிலையங்கள்' என்று அவற்றுக்குப் பெயர். 1989 நவம்பர் 9-ம் தேதி சுவர் திறந்தது. இரண்டே நாளில், அந்தப் பேய் நிலையங்களில் முதலாவதாக யானோவிட்ஸ்புருக்கே நிலையம் திறந்தது. நாங்கள் அன்றைக்கு அந்த நிலையத்தைத் தாண்டித்தான் போனோம். இருபத்தெட்டு வருடம் மனிதர்களைச் சுவர் வைத்துத் தடுத்த ஊரில், இன்றைக்கு ரயிலடியில் ஒரு கம்பிக் கதவுகூட இல்லை. யார் வேண்டுமானாலும் இறங்கலாம், ஏறலாம். ஆச்சரியமாக இருந்தது.

சுற்றிப் பார்த்தோம். திரும்பி வந்தோம். அப்போதும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது பையில் இருந்த நாலு டிக்கெட்டையும் மேஜை மேல் வைத்தேன். அக்கா மகன் ஒன்றை எடுத்துப் பார்த்தான்.

"மாமா, இதுல முத்திரையே இல்லையே?"

"என்ன முத்திரை?"

"பிளாட்பாரத்துல சின்னதா ஒரு பெட்டி இருக்குமே. அதுல டிக்கெட்டைச் சொருகணும். தேதியும் நேரமும் அடிச்சுக் கொடுக்கும். அப்பத்தான் அது டிக்கெட். இல்லைன்னா வெறும் காகிதம். செக்கிங் வந்திருந்தா ஆளுக்கு 60 யூரோ அபராதம் போட்டிருப்பாங்க. சாதாரண டிரஸ்லதான் வருவாங்க, கண்டுபிடிக்கவே முடியாது."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆனால் அவன் அடுத்து சொன்னதுதான் விஷயமே.

"நல்லவேளை, யாரும் வரலை. ஒரு விதத்துல லாபம்தான். இந்த நாலு டிக்கெட்டும் இன்னும் அப்படியே இருக்கு. நாளைக்கு இதையே யூஸ் பண்ணிக்குங்க."

என் மனைவியின் முகத்தில் எட்டு மணி வெயில் அடித்தது. "எண்ணூத்தி எழுபது ரூபா மிச்சம்!" என்றாள்.

மிச்சமா?

இங்கேதான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தச் சின்ன விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். நான் டிக்கெட் வாங்காமல் ஏறவில்லை. காசு மெஷினுக்குள் போய்விட்டது. திருட வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. தெரியாமல் நடந்தது. பெட்டியின் மேல் எழுதியிருந்தது. படிக்காதது என் தப்புதான், குற்றம் இல்லை. ஆனால் நாளைக்குக் காலையில் அதே டிக்கெட்டைச் சொருகிவிட்டு ஏறினால்? அது தெரிந்து செய்வது. நேற்று தப்பாக இருந்தது இன்றைக்கு வேறு பெயர் வாங்கிக்கொள்ளும்.

என் மனைவிக்கு நான் இப்படிச் சொல்லிப் பார்த்தேன்: "நம்ம ஊர் ஹோட்டல்ல காபிக்கு டோக்கன் வாங்கறோம். கூட்டத்துல டோக்கனை வாங்காமலேயே காபியைக் கொடுத்துடறான். குடிச்சாச்சு. டோக்கன் சட்டைப் பையில இருக்கு. மறுநாள் அதே டோக்கனைக் கொடுத்து இன்னொரு காபி குடிச்சா, எத்தனை காபிக்குக் காசு கொடுத்திருக்கோம்?"

அவள் விடவில்லை. "காபின்னா பால், டிகாஷன் செலவாகுது. ரயிலுக்கு என்ன செலவு? நாம ஏறினாலும் ஏறாட்டியும் அது ஓடத்தானே போகுது?"

யோசித்துப் பாருங்கள், சரியான கேள்வி. ரயில் ஓடத்தான் போகிறது. எங்கள் இரண்டு பேர் எடைக்கு எவ்வளவு கரண்ட் கூடியிருக்கும்? ஆனால் அது ஏன் ஓடுகிறது? மற்றவர்கள் முத்திரை குத்துவதால் ஓடுகிறது. டிக்கெட் காசு மட்டும் போதாது, மீதிக்கு அந்த ஊர்க்காரர்களின் வரிப்பணமும் போகிறது. 'நான் ஒருத்தன் கொடுக்காவிட்டால் என்ன' என்று நான் சொல்ல முடிவதே, மற்றவர்கள் அப்படிச் சொல்லாததால்தான். அவர்கள் நேர்மையின் மேல் ஏறித்தான் என் ரயில் ஓடுகிறது.

இம்மானுவேல் கான்ட் என்று ஒரு ஜெர்மன் தத்துவ ஞானி. பிறந்த ஊரான கோனிக்ஸ்பெர்க்கையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாண்டி வெகுதூரம் போகாத மனிதர். நீ செய்வதை எல்லோரும் ஒரு விதியாக வைத்துக்கொண்டு செய்தால் உலகம் தாங்குமா என்று கேட்டுவிட்டுச் செய் என்பது, சுருக்கமாகச் சொன்னால், அவர் கொள்கை. சுற்றுலாவே போகாதவர் சுற்றுலாப் பயணிக்குச் சொன்ன மாதிரியே இருக்கிறது.

அக்கா மகன் சிரித்தான். "மாமா, இங்க சில பசங்க கணக்குப் போட்டே போறாங்க. அபராதம் 60 யூரோ. டிக்கெட் 2.80. அதாவது 22 தடவைக்கு ஒரு தடவை மாட்டினாலும் லாபம்தான்."

கணக்கு சரிதான். நானும் மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வினோதம் இருக்கிறது. அதில் திருட்டு என்கிற சொல்லே வரவில்லை. அபராதத்தை ஒரு விலையாக மாற்றிவிட்டால், தப்பு என்பது ஒரு செலவுக் கணக்காகிவிடுகிறது. நாம் எல்லோருமே சில இடங்களில் இந்த வித்தையைச் செய்கிறோம். 'நோ பார்க்கிங்'கில் வண்டியை விட்டுவிட்டு, 'மாட்டினா ஃபைன் கட்டிக்கலாம்' என்கிறோமே, அதே கணக்கு.

இன்னொன்றும் அவன் சொன்னான். டிக்கெட் இல்லாமல் பயணம் செய்வது அங்கே வெறும் அபராத விஷயம் இல்லை. ஜெர்மனியின் தண்டனைச் சட்டத்தில் 265-ஏ என்று ஒரு பிரிவு. 1935-ல் வந்தது. அதன்படி ஒரு வருடம் வரை சிறையோ, நீதிமன்ற அபராதமோ விதிக்கலாம். அந்த நீதிமன்ற அபராதத்தைக் கட்ட முடியாதவர்கள், அதற்குப் பதிலாகச் சிறைக்குப் போகிறார்கள். பணம் இருப்பவன் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறான். இல்லாதவன் உள்ளே போகிறான். 2021-ல் ஆர்னே செம்ஸ்ரோட் என்கிற பத்திரிகையாளர், நன்கொடை திரட்டி இப்படிச் சிறையில் இருப்பவர்களின் அபராதத்தைக் கட்டி வெளியே கொண்டுவர ஒரு நிதியையே ஆரம்பித்தார். நூற்றுக்கணக்கானவர்கள் அப்படி வெளியே வந்திருக்கிறார்கள். அந்த நிதியைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வந்தது.

ஏனென்றால், நான் மாட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன்? "சாரி, டூரிஸ்ட், தெரியாது" என்று கையை விரித்திருப்பேன். விதிப்படி அது செல்லாது. ஆனாலும் சொல்லிப் பார்க்கிற தைரியம் எனக்கு இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் பர்ஸை எடுத்து 60 யூரோவைக் கொடுத்திருப்பேன். அதையும் கொடுக்காமல் விமானம் ஏறிவிட்டால், சென்னை வரைக்கும் என்னைத் தேடிக்கொண்டு யார் வரப் போகிறார்கள்? அதே பெட்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு ஏழைக்கு இந்த மூன்று வழியும் கிடையாது. அவன் அந்த ஊர்க்காரன், மொழி தெரிந்தவன், விலாசம் உள்ளவன். 'தெரியாது' என்று சொல்கிற வசதிகூட அவனுக்கு இல்லை.

அவன் டிக்கெட் எடுக்காததையும் நான் எடுக்காததையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவனிடம் காசு இல்லை. நான் ஊர் சுற்றிப் பார்ப்பதற்காகவே கடல் தாண்டி வந்தவன். விமான டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று இங்கே எழுதினால் 11.20 யூரோவைப் பார்த்து நீங்களே சிரிப்பீர்கள்.

பிளேட்டோ தன்னுடைய 'குடியரசு' நூலில் ஒரு கதை சொல்கிறார். கைஜீஸின் முன்னோரான ஓர் ஆட்டிடையன். பூமி அதிர்ந்து பிளக்கிறது. உள்ளே இறங்கியவனுக்கு ஒரு தங்க மோதிரம் கிடைக்கிறது. மோதிரத்தின் முகப்பை உள்பக்கம் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். அப்புறம் என்ன? ராணியை மயக்கி, ராஜாவைக் கொன்று, நாட்டையே பிடித்துக்கொள்கிறான். கதையைச் சொல்கிற கிளாக்கன் கேட்கிறான்: இந்த மாதிரி இரண்டு மோதிரங்களில் ஒன்றை நல்லவனுக்கும் ஒன்றைக் கெட்டவனுக்கும் கொடுத்தால், இரண்டு பேரும் ஒரே மாதிரிதானே நடந்துகொள்வார்கள்?

எனக்குத் தோன்றியது இதுதான். வெளிநாட்டு ஊரில் சுற்றுலாப் பயணி என்பவன் அந்த மோதிரத்தைப் போட்டுக்கொண்டவன். அவனைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. 'இன்னார் பையன்' என்று அடையாளம் சொல்ல ஆள் இல்லை. எதிர் வீட்டு மாமி இல்லை. நாலு நாளில் மறைந்துவிடுவான். நம்மில் பலரும் ஊரில் ஒழுங்காக இருப்பது, ஒழுங்கு பிடித்துப் போய்த்தானா, இல்லை எதிர் வீட்டு மாமியால்தானா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

சென்னை பஸ்ஸில் எத்தனையோ வருடமாக டிக்கெட் வாங்கியிருக்கிறேன். கண்டக்டர் வந்து நிற்பார். "டிக்கெட், டிக்கெட்... சில்லறையா கொடுங்க" என்பார். கொடுத்தேன். கேட்டார், கொடுத்தேன். அவ்வளவுதான். ஒரு தடவையாவது நேர்மைக்காக டிக்கெட் வாங்கியிருக்கிறேனா? அந்தக் கேள்வியே வந்ததில்லை. பெர்லினில் கேட்க ஆள் இல்லாதபோதுதான் அது முதல்முதலாக என் முன்னால் வந்து நின்றது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டிக்கெட் எடுப்பதே புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. லக்சம்பர்க் நாட்டில் 2020 பிப்ரவரி 29 முதல் பஸ், டிராம், ரயில் எல்லாம் இலவசம். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும்தான் காசு. ஊர்க்காரனுக்கும் இலவசம், உங்களுக்கும் எனக்கும் இலவசம். அங்கே கையை வீசிக்கொண்டு ஏறுவதில் ஒரு தப்பும் இல்லை. எஸ்தோனியா நாட்டின் தலைநகர் தாலினில் 2013 முதல், அந்த ஊரில் பதிவு செய்துகொண்டு வசிப்பவர்களுக்கு இலவசம். வெளியூர்க்காரர்கள் காசு கொடுக்க வேண்டும். ஸ்விட்சர்லாந்தில் பாசல் நகரத்தில் ஹோட்டலில் தங்கினால் ஒரு அட்டை கொடுக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு ஊருக்குள் பஸ்ஸிலும் டிராமிலும் இலவசமாகப் போகலாம். ஒவ்வொரு ஊரும் வந்தவனோடு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது. சில ஊர்கள் 'நீ என் விருந்தாளி' என்கின்றன. சில ஊர்கள் 'நீ உன் பங்கைக் கொடு' என்கின்றன. பெர்லின் சொன்னது இது: 'நான் கதவு வைக்கப் போவதில்லை. நீயாகவே கொடுத்துவிடு.'

விருந்தாளியாக நடத்தும் ஊரில் விருந்தாளியாக இருக்கலாம். ஆனால் 'உன்னைப் பெரிய மனுஷனாக நினைக்கிறேன்' என்று கதவைத் திறந்து வைத்திருக்கிற ஊரில், நாமாகவே விருந்தாளி ஆகிக்கொள்ள முடியுமா? நான் அந்த ஊருக்கு வரி கட்டுவதில்லை. ஓட்டுப் போடுவதில்லை. அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. அந்த நாலு நாளும் அந்த ஊரோடு எனக்கு இருந்த ஒரே நேர்மையான உறவு, அந்த 2.80 யூரோதான்.

"சரி, அவ்வளவு உறுத்துதுன்னா டிக்கெட்டைக் கிழிச்சுப் போடுங்க" என்றாள் மனைவி. நியாயம்தான். நாலையும் கையில் எடுத்தேன். கிழிக்கக் கை வரவில்லை. எண்ணூற்று எழுபது ரூபாய்! தத்துவம் நாக்கில் இருக்கிறது, கால்குலேட்டர் விரலில் இருக்கிறது.

"கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மணி ஒன்பதரை. ஜூன் மாதம் என்பதால் வானத்தில் வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. படி இறங்கிப் பிளாட்பாரத்துக்குப் போனேன். காலையில் என் கண்ணில் படாத அந்தப் பெட்டி, அதே இடத்தில்தான் இருந்தது. முதல் டிக்கெட்டைச் சொருகினேன். 'க்ளக்'. இரண்டாவது. 'க்ளக்'. மூன்றாவது. நாலாவது.

பக்கத்தில் ஒரு வயதான ஜெர்மன் அம்மா நின்றுகொண்டிருந்தார். நான் நாலு டிக்கெட்டைக் குத்துவதைப் பார்த்தார். என் பின்னால் மூன்று பேரைத் தேடினார். யாரும் இல்லை. அப்புறம் ஒரு விரலைக் காட்டி, ஆங்கிலத்தில், "ஒன். ஒன்லி ஒன்" என்றார் பரிவாக. பாவம், ஊருக்குப் புதுசு, தெரியாமல் காசை வீணாக்குகிறான் என்று நினைத்துவிட்டார். எனக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. தலையை ஆட்டினேன். அதற்குள் ரயில் வந்துவிட்டது. அவர் ஏறி, கதவருகே நின்று, 'வா, வா' என்று கையைக் காட்டினார். நான் சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் படியேறினேன். கதவு மூடுகிற வரை அவர் முகத்தில் இருந்த குழப்பம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

யாரும் பார்க்காத இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்யப் போனேன். பார்த்த ஒரே ஆளும் என்னை அசடு என்று நினைத்தார். ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான். பாராட்டு கிடைத்திருந்தால், எதற்காகச் செய்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்திருக்கும். இப்போது உங்களிடம் சொல்லி அந்தப் பாராட்டை வசூல் செய்துகொண்டிருக்கிறேனோ என்கிற சந்தேகமும் இருக்கிறது. இருக்கட்டும். அந்தச் சந்தேகத்தை நானே வைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மகன் முத்திரை குத்தின டிக்கெட்டுகளைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. முத்திரை குத்துவதற்கு ஜெர்மன் பாஷையில் என்ன வார்த்தை என்று கேட்டேன். "என்ட்வெர்ட்டன்" என்றான். "அப்படியே தமிழ்ல சொன்னா, மதிப்பை எடுத்துடறதுன்னு அர்த்தம் மாமா."

மனைவி நாலு காகிதங்களையும் வாங்கிப் பார்த்தாள். "இனிமே இது எதுக்கும் ஆகாதில்ல?" என்றாள். ஆகாது என்றேன். குப்பையில் போடப் போகிறாள் என்று நினைத்தேன். கைப்பையைத் திறந்து, பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மெஷினில் காசு போட்டது அவள்தான். பெட்டியில் சொருகி 'க்ளக்' என்று சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டதும் அவள்தான். அன்றைக்கும் செக்கிங் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஊர் திரும்புகிற வரைக்கும் எங்களை யாரும் டிக்கெட் கேட்கவே இல்லை.

நீங்களும் எப்போதாவது அப்படி ஓர் ஊருக்குப் போவீர்கள். வெளிநாடாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. உங்களைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத எந்த இடமும் அந்த ஊர்தான். அங்கே எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதை யாரிடமும் சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.